கால் பெருவிரல் முண்டு: கத்தி வைக்காமல் என்னென்ன செய்யலாம்

எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாச்சியும் பெரியம்மாவும் அம்மாவும் காலை நீட்டி உட்கார்ந்தால் ஆறு பாதமும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி இருக்கும். பெருவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்திருக்கும், அது தொடங்குகிற மூட்டில், பாதத்தின் உள்பக்கமாக, சின்ன எலுமிச்சையைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி ஒரு முண்டு துருத்திக்கொண்டு நிற்கும். தங்கச்சிமடத்தில் கருவாட்டுக் களத்தில் நாள் முழுக்க நிற்கிற அம்மா, "எலும்புதானே, இருந்துட்டுப் போகுது" என்றே இத்தனை வருடமும் சொல்லிவந்தார். போன வருடம் செருப்பின் வார் அந்த முண்டில் உரசி உரசித் தோல் கிழிந்து, அதில் உப்புத் தண்ணீர் பட்டு எரிந்து, ஒரு வாரம் களத்துக்கே போக முடியாமல் ஆன பிறகுதான் டாக்டரிடம் வரச் சம்மதித்தார். டாக்டர் இதற்கு ஆங்கிலத்தில் 'பன்யன்' என்று பேர் சொன்னார். நம் பக்கம் முண்டு, எலும்புத் துருத்தல் என்று ஆளுக்கொன்று சொல்கிறோம், இங்கே முண்டு என்றே வைத்துக்கொள்கிறேன்.

டாக்டர் சொன்னது, பிசியோதெரபி செய்பவர் காட்டிக் கொடுத்தது, நான் தேடிப் படித்தது, வீட்டில் செய்து பார்த்தது எல்லாம் சேர்த்து எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல்தான் நிறையப் பேர் காசைக் கரைக்கிறார்கள்: முற்றிய முண்டை அறுவை சிகிச்சை இல்லாமல் நேராக்க முடியாது. செருப்போ பெல்ட்டோ எண்ணெயோ பயிற்சியோ எதுவும் அந்த எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகாது. ஆனால் வலி வேறு, வளைவு வேறு. வளைவு அப்படியே இருக்க, வலியை மட்டும் பெருமளவு குறைக்க முடியும், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? பார்த்தால் புதிதாக ஓர் எலும்பு முளைத்த மாதிரிதான் தெரியும். உண்மையில் அங்கே இருப்பது பெரும்பாலும் நம் பழைய எலும்பின் தலைதான். பாதத்துக்குள் பெருவிரலுக்குப் பின்னால் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது மெல்ல மெல்ல மற்றக் காலைப் பார்த்து விலக, அதன் நுனியில் இருக்கிற விரல் எதிர்ப்பக்கமாகச் சாய, நடுவில் மூட்டு மடங்கி வெளியே தள்ளிக்கொள்கிறது. பாய்மரத்தை நினைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் கயிறு சமமாக இழுத்துக் கட்டியிருக்கும் வரை மரம் நேராக நிற்கும், ஒரு பக்கக் கயிறு தொய்ந்துவிட்டால் மறுபக்கக் கயிறு அதைத் தன்னிடம் இழுத்துக்கொண்டே போகும். பெருவிரலின் உள்பக்கத் தசைநார் தொய்கிறது, வெளிப்பக்கம் இறுகுகிறது, விரலை நேராக இழுக்க வேண்டிய நாண்களும் இடம் மாறி வில்லின் நாண் மாதிரி நின்று வளைவைக் கூட்டுகின்றன. அதனால்தான் இது ஒருமுறை தொடங்கினால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை, சிலருக்கு ஓரிடத்தில் நின்றும் விடும். அந்த முண்டின் மேல் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சிறு நீர்ப்பை இருக்கிறது, செருப்பு உரசும்போது அது வீங்கிச் சிவக்கிறது. அம்மாவுக்கு வந்த வலியில் பாதிக்கு மேல் அந்த நீர்ப்பை வீக்கம்தான் என்று டாக்டர் சொன்னார்.

எக்ஸ்ரே எடுத்தால் விரல் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளப்பார்கள். 15 டிகிரி வரை இயல்பு, அதற்கு மேல் போனால் முண்டு, 40 டிகிரியைத் தாண்டினால் கடுமையானது என்று பொதுவாகக் கணக்கு. கோணம் பெரிதாக இருந்தால் வலியும் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாச்சியின் கால்தான் மூவரில் மிகவும் வளைந்தது, அவருக்கு வலியே இல்லை.

இது எவ்வளவு பரவலானது தெரியுமா? பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வந்த ஒரு கணக்குப்படி 18 முதல் 65 வயது வரை உள்ளவர்களில் சுமார் 23 சதவீதம், 65க்கு மேல் போனால் 35 சதவீதத்துக்கும் மேல், அதிலும் பெண்களுக்குக் கூடுதல். காரணம் என்று கேட்டால் எல்லோரும் செருப்பைக் காட்டுவார்கள். அதில் நியாயமும் உண்டு. 1958இல் சீன மக்களிடையே செய்த ஓர் ஆய்வில் காலணி போடுகிறவர்களில் 33 சதவீதம் பேருக்கு முண்டு இருந்தது, வெறுங்காலில் நடந்தவர்களில் 2 சதவீதம்கூட இல்லை. முன்பக்கம் கூராக இருக்கிற ஷூ, குதி உயர்ந்த செருப்பு இரண்டும் விரல்களை ஒரு முடுக்குக்குள் தள்ளிவிடுகின்றன, இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மாச்சி வாழ்நாளில் பாதியை மணலில் வெறுங்காலோடு கழித்தவர், அவருக்கு எப்படி வந்தது? அங்கேதான் பரம்பரை வருகிறது. பாத எலும்பின் அமைப்பு, மூட்டுகளின் தளர்ச்சி, பாதம் தட்டையாகச் சரிவது இதெல்லாம் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம், முடக்குவாதம் இருப்பவர்களுக்கும் மூட்டு இப்படிச் சாயலாம். என் கால் இன்னும் நேராகத்தான் இருக்கிறது, ஆனாலும் என் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கும்போது இப்போதெல்லாம் விரல் பக்கம் இரண்டு முறை அமுக்கிப் பார்க்கிறேன்.

வைத்தியத்துக்கு வருவோம். இதில் நான் அதிக நேரம் செலவிடப்போவது செருப்பில்தான், ஏனென்றால் அம்மாவின் வலியைக் குறைத்ததில் முக்கால் பங்கு அதற்குத்தான் சேரும்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மாவை ஒரு பழைய செய்தித்தாள் மேல் நிற்க வைத்து, பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு வரைந்தேன். காலையில் வரையக் கூடாது, நாள் முழுக்க நின்றால் பாதம் கொஞ்சம் வீங்கும், அந்த வீங்கிய அளவுதான் நமக்கு வேண்டும். நின்றுகொண்டுதான் வரைய வேண்டும், உட்கார்ந்தால் பாதம் சுருங்கித் தெரியும். அப்புறம் அம்மா தினமும் போடுகிற செருப்பை அந்தக் கோட்டின் மேல் வைத்தேன். முண்டு இருக்கிற இடத்தில் கோடு செருப்பைத் தாண்டி ஒரு விரல்கடை வெளியே நின்றது. அம்மா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இத்தனை வருசமா கால் பாதி தரையிலயா நடந்துருக்கேன்" என்றார். நீங்களும் இதைச் செய்து பாருங்கள், காசு செலவில்லை, ஐந்து நிமிடம்.

வாங்க வேண்டிய செருப்பு எப்படி இருக்க வேண்டும் என்றால், விரல் பக்கம் அகலமாக, கூராக இல்லாமல் வட்டமாக இருக்க வேண்டும். நீள விரலுக்கு முன்னால் கைக்கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதி உயரம் இரண்டு விரல்கடைக்குள் இருப்பது நல்லது. அடிப்பாகம் விரல் மடங்குகிற இடத்தில் மட்டும் வளைய வேண்டும், துணி மாதிரி நடுவில் மடங்கக் கூடாது. மேல்பக்கம் மெத்தென்று இருக்க வேண்டும், முக்கியமாக வாரோ தையலோ முண்டின் மேலே ஓடவே கூடாது. நம் ஊரில் எல்லோரும் போடுகிற ரப்பர் செருப்பில் இதுதான் சிக்கல், விரலிடுக்கிலிருந்து புறப்படுகிற அந்த வார் சரியாக முண்டின் மேல் ஏறிப் போகிறது. அதோடு அந்தச் செருப்பு காலோடு ஒட்டி நிற்காது, கழன்று போகாமல் இருக்க விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் நடக்கிறோம். பெருவிரலுக்கென்று தனி வளையம் வைத்த தோல் செருப்பு இன்னும் மோசம், அந்த வளையம் சாய்ந்த விரலைப் பிடித்து உரசும். குறுக்கே இரண்டு அகலப் பட்டை வைத்து, ஒட்டித் திறக்கிற மாதிரி, குதிக்குப் பின்னாலும் ஒரு வார் உள்ள செருப்பு நல்லது. அம்மாவுக்கு நாங்கள் வாங்கியது எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுப்பார்களே அந்த மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்தது. முண்டு படுகிற பக்கம் பட்டையைக் கொஞ்சம் தள்ளித் தைத்துக்கொடுக்கச் சொல்லி செருப்புத் தைப்பவரிடம் அந்த செய்தித்தாள் கோட்டையே காட்டினோம், அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

மெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருவிரல் சாய்ந்து இரண்டாம் விரல் மேல் ஏறும்போது மெட்டி இரண்டு விரலுக்கும் நடுவில் அகப்பட்டு அழுத்தும், அங்கே காய்ப்பும் புண்ணும் வரும். அம்மா முதலில் கழற்ற மாட்டேன் என்றார், அப்புறம் அகலமான பழைய மெட்டியைக் கொடுத்து மெல்லிசான ஒற்றைக் கம்பியாக மாற்றிக்கொண்டார்.

அடுத்தது பேடும் இடைவைப்பும். முண்டின் மேல் மாட்டுகிற சிலிக்கான் ஜெல் உறை, பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே வைக்கிற ஜெல் துண்டு, இரண்டும் மருந்துக்கடையில் கிடைக்கும். உரசலைக் குறைக்கும், அவ்வளவுதான் வேலை, ஆனால் அது சின்ன வேலை இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, செருப்பில் இடம் இருந்தால்தான் போட வேண்டும். ஏற்கெனவே இறுக்கமான ஷூவுக்குள் ஜெல்லையும் திணித்தால் அழுத்தம் கூடத்தான் செய்யும். பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கப் போகிற அக்காமார் கை விரலில் துணி சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு கடலில் இறங்குவார்கள், அவர்கள் தண்ணீருக்குள் இந்த ஜெல் உறையைப் போட வேண்டாம். உள்ளே மணல் புகுந்து தோலை அறுத்துவிடும். கரைக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இரவில் கட்டுகிற பட்டை, பெல்ட்டு மாதிரி ஒன்று உண்டு, 'ஒரே மாதத்தில் விரல் நேராகும்' என்று படம் போட்டு விற்பார்கள். நானும் ஏமாந்து ஆன்லைனில் ஒன்று வாங்கினேன், அம்மா மூன்று இரவு கட்டினார், நான்காம் நாள் காலையில் விரலோரத்தில் கொப்புளம். கட்டியிருக்கும் வரை விரல் நேராக நிற்கும், அவிழ்த்தால் திரும்பிப் போய்விடும். நிரந்தரமாகக் கோணத்தை மாற்றும் என்று நம்பும்படியான ஆதாரம் இதற்கு இல்லை. சிலருக்கு இரவில் இழுத்துப் பிடித்த மாதிரி இதமாக இருக்கிறது என்கிறார்கள், அப்படி இருந்தால் தளர்வாகக் கட்டிக்கொள்வதில் தப்பில்லை, நேராகும் என்று எதிர்பார்த்துக் கட்டாதீர்கள்.

செருப்புக்குள் வைக்கிற தாங்கு அட்டை பற்றி ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. பின்லாந்தில் 209 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை, ஒரு பிரிவுக்குத் தாங்கு அட்டை, மூன்றாவது பிரிவுக்கு எதுவும் செய்யாமல் காத்திருப்பு என்று கொடுத்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் அட்டை வைத்தவர்களுக்கு, சும்மா இருந்தவர்களைவிட வலி குறைந்திருந்தது. ஒரு வருடத்தில் அந்த வித்தியாசம் மறைந்துபோனது, அறுவை சிகிச்சை செய்தவர்கள்தான் அப்போது நன்றாக இருந்தார்கள். இதைப் படித்துவிட்டு அட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதம் தட்டையாகச் சரிகிறவர்களுக்கு, உள்ளங்கால் வலியும் சேர்ந்து இருப்பவர்களுக்கு அது உதவும். ஆனால் அளவெடுத்துச் செய்கிற விலை உயர்ந்த அட்டைக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை, முதலில் அகலச் செருப்பு வாங்குங்கள்.

பயிற்சிக்கு வருவோம். இது நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு வாய்த்த வசதி என்றே சொல்வேன். பிசியோதெரபி செய்பவர் முதலில் சொல்லிக்கொடுத்தது, குதியையும் விரல் நுனிகளையும் தரையில் வைத்துக்கொண்டு பெருவிரலை மட்டும் மற்ற விரல்களிலிருந்து விலக்கி விரிப்பது. கேட்க எளிது, செய்தால் முதல் வாரம் விரல் அசையவே அசையாது, அம்மா கையால் விரலைப் பிடித்து நகர்த்தி நகர்த்தித்தான் அந்தத் தசைக்கு நினைவுபடுத்தினார். இரண்டாவது, தரையில் நாலைந்து சோழியைப் போட்டு விரலால் கவ்வி எடுத்துச் சிரட்டையில் போடுவது, இதை என் மகளும் பாட்டியோடு போட்டி போட்டுச் செய்கிறாள். மூன்றாவது, பெருவிரலைக் கையால் பிடித்து மெதுவாக முன்னால் இழுத்து, மேலும் கீழும் மெல்ல அசைப்பது. வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். நான்காவது கெண்டைக்கால் இழுவை, சுவரையோ கரையேற்றிய நாட்டுப்படகின் பக்கத்தையோ இரண்டு கையால் தாங்கி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதி தூக்காமல் முப்பது எண்ணும் வரை நிற்பது. கெண்டைக்கால் இறுக்கமாக இருந்தால் நடக்கும்போது பாரம் முன்பாதத்துக்கே போகும், அதனால்தான் இதுவும் சேர்கிறது. ஈர மணலில் வெறுங்காலோடு மெதுவாக நடப்பதும் பாதத் தசைக்கு நல்லதுதான், கண்ணாடிச் சில்லும் சிப்பியும் இல்லாத இடமாகப் பார்த்து, பாதத்தில் உணர்ச்சி நன்றாக இருப்பவர்கள் மட்டும் நடக்கட்டும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சியால் கொஞ்சம் முன்னேற்றம் தெரியலாம், முற்றியவர்களுக்கு மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ளும்.

நாங்கள் தற்செயலாகக் கண்டுபிடித்த ஒன்று, குந்தி உட்காரும் விதம். கருவாடு பிரிக்கும்போது அம்மா குதியைத் தூக்கி முன்பாதத்தில் குந்துவார், அப்போது உடம்புப் பாரம் முழுக்க மடங்கிய பெருவிரல் மூட்டில் இறங்கும். ஒரு சின்ன மணைக்கட்டையைப் போட்டு உட்கார ஆரம்பித்ததும் ராத்திரி வலி பாதியாகக் குறைந்தது. மீன் அறுக்கிறவர்கள், வலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இதை ஒரு வாரம் செய்து பார்க்கலாம்.

வீங்கிச் சிவந்திருக்கிற நாட்களில் ஐஸ் நல்லது. நம் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமா? ஆனால் மீன் பெட்டி ஐஸை அப்படியே புண்ணுள்ள தோலில் வைக்காதீர்கள், வீட்டுக் குளிர்பெட்டி ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். மாத்திரை என்றால் பாரசிட்டமால் முதலில். ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் வகை மாத்திரைகளை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் இருப்பவர்கள் கடையில் சும்மா வாங்கிப் போடக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும். மேலே தடவுகிற ஜெல் ஓரளவு பாதுகாப்பானது, கிழிந்த தோலில் மட்டும் தடவாதீர்கள். வீங்கிய நீர்ப்பைக்குச் சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு, அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது, அடிக்கடி போடுகிற ஊசி இல்லை. நல்லெண்ணெய் சூடாக்கித் தடவினால் இதமாக இருக்கும், தாராளமாகத் தடவுங்கள். ஆனால் விரலைப் பிடித்துச் சொடுக்கி நேராக்கித் தருகிறேன் என்பவரிடம் காலைக் கொடுக்காதீர்கள். எரிகிற பற்றும் வேண்டாம், கொப்புளம் வந்தால் அதே இடத்தில் செருப்பும் உரசும், ஆறவே ஆறாது.

சர்க்கரை இருப்பவர்களுக்காக இதைத் தனியாக எழுதுகிறேன், தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முண்டில் உரசுவது வலிக்காது, வலிக்காததால் புண் வந்ததே தெரியாது, தெரியும்போது ஆழமாகப் போயிருக்கும். தினமும் ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், இல்லை பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ப்பை பிளேடால் சீவாதீர்கள். கால் ஆணிக்கு ஒட்டுகிற கார்ன் கேப்பில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது, அது உங்கள் தோலை அரித்துப் புண்ணாக்கும், ஒட்டாதீர்கள். ஐஸும் இறுக்கப் பட்டையும் உங்களுக்கு வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள், கூச்சமே வேண்டாம்.

முண்டு என்று நினைத்து வேறு எதையோ சுமந்துகொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. நேற்று வரை ஒன்றும் இல்லாமல், ராத்திரியில் திடீரென்று பெருவிரல் மூட்டு சிவந்து, நெருப்பாகச் சுட்டு, போர்வை பட்டாலே துடிக்க வைத்தால் அது யூரிக் அமிலத்தால் வருகிற கவுட் வாதமாக இருக்கலாம், அதற்கு வைத்தியமே வேறு. காய்ச்சலோடு சேர்ந்த சிவப்பு, சீழ், ஆறாத புண் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

இத்தனையும் மாதக்கணக்கில் செய்த பிறகும் அகலச் செருப்பிலேயே நடக்க முடியவில்லை, இரண்டாம் விரல் பெருவிரல் மேல் ஏறிக்கொண்டது, வேலை செய்ய முடியவில்லை என்றால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் செய்வதை டாக்டர்களே ஊக்குவிப்பதில்லை. செய்தால் பல வாரம் காலில் முழுப் பாரம் வைக்க முடியாது, வீக்கம் வடிய மாதங்கள் ஆகும், தினக்கூலிக்குப் போகிறவர்கள் அந்தக் காலத்துக்கு வீட்டுச் செலவை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். எலும்பு டாக்டரைப் பார்க்க மதுரைக்கு ஓட வேண்டியதில்லை, 2022 ஜனவரியில் திறந்த ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலேயே காட்டலாம். போகும்போது தினமும் போடுகிற செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள், நல்ல செருப்பை மாற்றிக்கொண்டு போகாதீர்கள். அது எங்கே தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.

அம்மாவின் விரல் இன்றும் அதே சாய்வில்தான் இருக்கிறது. போன மாதம் பெரியம்மா வந்திருந்தபோது, நான் சொல்லாமலேயே அம்மா அலமாரியிலிருந்து ஒரு செய்தித்தாளை உருவித் தரையில் விரித்து, "ஏறி நில்லுக்கா" என்றார்.